டிவிப் பெட்டிக்குள் ஒரு பத்திரம்: மென்பொருள் உரிமம் என்றால் என்ன?

மன்னார்குடியில் இருக்கும் என் பெரியப்பா முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதியவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் ஆபீஸ். கைக்கு வந்த காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படிக்காமல் கீழே வைக்க மாட்டார். மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தைக்கூட விடுவதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வந்தது. மற்றவர்கள் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டபோது, அவர் அட்டைப்பெட்டியின் அடியில் கிடந்த மெல்லிய தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ராத்திரி எனக்கு போன்.

“தம்பி, இதுல ஒரு ஷரத்து இருக்குடா. மூணு வருஷத்துக்குள்ள யார் எழுதிக் கேட்டாலும் ‘சோர்ஸ் கோடு’ அனுப்பி வைப்போம், அனுப்புற செலவு மட்டும்தான் வாங்குவோம்னு போட்டிருக்கான். என்னத்தடா அனுப்புவான்?”

மென்பொருள் எழுதித்தான் பிழைக்கிறேன். ஆனாலும் அந்த மாதிரித் தாள் ஒன்றை முழுதாகப் படித்தது அன்றைக்கு அவர் போனில் வாசித்துக் காட்டியபோதுதான். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்டதற்கே பதில். டிவி, போன், வீட்டு வைஃபை ரவுட்டர், எல்லாவற்றுக்குள்ளும் மென்பொருள் ஓடுகிறது. மனிதர்கள் அதை எழுதும்போது, படித்தால் புரிகிற வடிவில் எழுதுகிறார்கள். இதுதான் சோர்ஸ் கோடு, தமிழில் மூலநிரல். டிவிக்குள் போவது இது இல்லை. இதை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிய எண்களின் குவியல்தான் உள்ளே போகிறது. கரும்பிலிருந்து வெல்லம் காய்ச்சலாம், வெல்லத்திலிருந்து கரும்பை எடுக்க முடியாது. கெட்டிக்காரர்கள் அந்த எண்களை நோண்டி உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு கண்டுபிடிப்பார்கள். அது மாதக்கணக்கில் பிடிக்கிற வேலை. மூலநிரல் கையில் இருப்பவரோ பழுதைப் பார்த்ததும் சரிசெய்துவிடலாம்.

“சரி, அந்த நிரல் யாருக்குச் சொந்தம்?” என்றார் பெரியப்பா. தொழில் புத்தி.

எழுதியவருக்குத்தான். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் கதை, கட்டுரை போல இலக்கியப் படைப்பு என்றே கணக்கில் கொள்கிறது. எழுதிய நிமிடத்திலேயே உரிமை பிறந்துவிடும், பதிவு எதுவும் தேவையில்லை. புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஒருவர் தன் நிரலை இணையத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறார், உரிமம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தமாகாது. படிக்கலாம். தன் வேலையில் எடுத்துச் செருகச் சட்டப்படி அனுமதி கிடையாது. வேலியில்லாத மனை என்பதற்காக அது புறம்போக்கு ஆகிவிடுமா?

அந்த அனுமதியைத் தருகிற காகிதம்தான் உரிமம். இது கிரயப் பத்திரம் இல்லை. கிரயப் பத்திரத்தில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதிக் கைமாற்றிவிடுவார்கள். விற்றவருக்கு அதோடு சரி. மென்பொருள் உரிமத்தில் சொந்தக்காரர் சொந்தக்காரராகவே இருக்கிறார். ‘என் சொத்தை நீ இன்ன இன்ன விதத்தில் பயன்படுத்தலாம், இன்ன நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று மட்டும் எழுதித் தருகிறார். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளிலும் இதே கதைதான். நாம் வாங்குவது பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான். அதிலும் உள்ளே பார்க்காதே, மாற்றாதே, அடுத்தவருக்குக் கொடுக்காதே என்று வரிசையாகத் தடைகள். ‘ஐ அக்ரீ’ பொத்தானை அழுத்தும்போது ஒப்புக்கொள்வது அதைத்தான்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

டிவித் தாளில் இருந்தது வேறு வகை உரிமம். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு பிரிண்டர் கதை உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். பிரிண்டர் இருந்ததோ வேறு மாடியில். அச்சாகியிருக்கும் என்று நம்பி இறங்கிப்போனால், அரை மணி முன்பே சிக்கி நின்றிருக்கும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரின் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்து, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் தகவல் வரும்படி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்ய நினைத்தார். மூலநிரல் தரப்படவில்லை. அது வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பது தெரிந்து நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாக அவர் கைவிரித்துவிட்டார்.

நம்மில் பலர் இதற்கு நாலு நாள் புலம்பிவிட்டு மறந்திருப்போம். ஸ்டால்மன் மறக்கவில்லை. 1983இல் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் ஓட்டலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றிய பிரதியையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகளும் உள்ள மென்பொருள்களாலேயே ஒரு முழு இயங்குதளத்தை, அதாவது கணினியையே ஓட்டும் அடிப்படை மென்பொருளை, கட்டுவது என்று கிளம்பினார். அந்த நான்கையும் அவர் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார். கணினிக்காரர் புத்தி அப்படி.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல்லுக்கு விலையில்லாதது, கட்டில்லாதது என்று இரண்டு பொருளும் உண்டு. அந்த வேறுபாட்டை விளக்கியே அவர்கள் ஓய்ந்துபோனார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று அழகான பெயர் வந்துவிட்டது. ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998இல்தான் பிறந்தது. ‘ஃப்ரீ’ என்றதும் கம்பெனிக்காரர்கள் மிரளுகிறார்கள் என்று, வியாபார உலகத்துக்கு ஏற்ற வேறு பெயர் தேடியவர்கள் வைத்தது அது. தமிழில் திறமூலம் என்கிறோம். இரண்டு பெயர்களுக்கும் பின்னால் கொள்கைச் சண்டை உண்டு. ஆனால் இரு தரப்பும் ஏற்கும் உரிமங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

வாட்ஸப் இலவசம், ஆனால் கட்டற்றது இல்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ரெட் ஹேட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளைச் சுற்றியே பல வருடம் தொழில் செய்து சம்பாதித்தது. 2019இல் ஐபிஎம் அதைச் சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ‘எல்லாம் சும்மா கொடுத்துவிட்டால் சோறு எப்படி?’ என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது.

எடுத்துக்கொள், பெயரை மட்டும் விட்டுவிடாதே

திறமூல உரிமங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் இரண்டு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் குடும்பம் எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி வகை. எம்ஐடி உரிமம் ஆங்கிலத்தில் இருநூறு வார்த்தைகூட வராது. சாரம் இதுதான்: என்ன வேண்டுமானாலும் செய்துகொள், விற்றுக்கொள், மூடி வைத்துக்கொள். என் பெயருள்ள பதிப்புரிமைக் குறிப்பையும் இந்த உரிமத்தையும் மட்டும் கூடவே வை. ஏதாவது உடைந்தால் என்னைக் கேட்காதே. கடைசி விஷயத்தை மட்டும் பெரிய எழுத்தில் கத்துவதுபோல எழுதியிருப்பார்கள்.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், லீகல் இன்ஃபர்மேஷன் என்று உள்ளே போய்ப் பாருங்கள். மாடலுக்கு மாடல் இடம் கொஞ்சம் மாறும். ஓப்பன் சோர்ஸ் லைசென்சஸ் என்று ஒரு பக்கம் திறக்கும். விரல் வலிக்கும் வரை தள்ளினாலும் முடியாது. இத்தனை பேருடைய குறிப்பையும் உரிமத்தையும் கூடவே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையால்தான் அந்தப் பக்கம் இருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத கோயில் கல்வெட்டு மாதிரி, உபயம் இன்னார் என்று பெயர்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

இந்தக் குடும்பத்தில் நிறுவனங்களுக்குக் கொள்ளை சவுகரியம். சோனியின் பிளேஸ்டேஷன் 4 இயங்குதளம், பிஎஸ்டி உரிமத்தில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலும் பிஎஸ்டியின் பகுதிகள் நிறைய. எடுத்தார்கள், தங்களுக்கு வேண்டியபடி மாற்றினார்கள். மாற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலதைத் தந்தார்கள், பலதைத் தரவில்லை. அதில் தப்பு எதுவும் இல்லை, எழுதியவர்களே அப்படித்தான் அனுமதித்தார்கள்.

அப்பாச்சியில் மட்டும் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. பங்களித்தவர், பிறகு ‘இதில் என் காப்புரிமை (பேட்டன்ட்) இருக்கிறது’ என்று வழக்குப் போட முடியாதபடி காப்புரிமைக்கும் சேர்த்து அனுமதி எழுதி வாங்கிவிடும். பெரிய கம்பெனிகளின் வக்கீல்களுக்கு அது பிடிக்கும்.

பாதை பாத்தியம்

இரண்டாவது குடும்பத்தின் தலைவர் ஜிபிஎல், அதாவது ஸ்டால்மன் எழுதிய குனூ பொது உரிமம். முதல் பதிப்பு 1989, பரவலாகப் புழங்கும் இரண்டாவது 1991, மூன்றாவது 2007. டிவித் தாளில் இருந்தது இந்த இரண்டாவது பதிப்பு.

இதைப் பெரியப்பாவிடம் விளக்க எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. பாதை பாத்தியம் தெரியாத பத்திர எழுத்தர் உண்டா? பின் மனைக்குப் போவதற்காக முன் மனையில் பத்தடி விட்டு, அதைப் பத்திரத்தில் எழுதிவிட்டால், முன் மனை எத்தனை கை மாறினாலும் பாதையும் கூடவே போகும். வாங்கியவர் வீடு கட்டலாம், மாடி எடுக்கலாம், நல்ல விலை வந்தால் விற்கலாம். பாதையை மட்டும் அடைக்க முடியாது.

ஜிபிஎல்லும் அதைத்தான் சொல்கிறது. எடுத்துக்கொள், மாற்று, காசுக்கு வில். ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் மூலநிரலை, நீ மாற்றியதையும் சேர்த்து, இதே உரிமைகளோடு கொடு. இதற்கு காப்பிலெஃப்ட் என்று கிண்டலான பெயர். பதிப்புரிமைச் சட்டத்தின் பலத்தை வைத்தே பதிப்புரிமையின் வழக்கமான வேலையைத் தலைகீழாகத் திருப்புகிறது அல்லவா, அதனால்.

“வில்லங்கமுள்ள சொத்துன்னு சொல்லு” என்றார் பெரியப்பா. நிறுவன வக்கீல்கள் சிலர் அதைத்தான் இன்னும் கடுமையாக, வைரஸ் என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. வைரஸ் சொல்லாமல் கொள்ளாமல் தொற்றும். இங்கே பத்திரம் கையில் இருக்கிறது, படித்துவிட்டு வேண்டாம் என்றால் அந்த மனையை வாங்காமல் விடலாம்.

கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: அடுத்தவருக்குக் கொடுக்கும்போதுதான் இந்த நிபந்தனை விழித்துக்கொள்ளும். உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே மாற்றி, உள்ளேயே ஓட்டினால் யாருக்கும் எதுவும் தர வேண்டாம். இணையச் சேவைகள் இந்த இடுக்கில் புகுந்துகொண்டன. நிரல் அவர்கள் சர்வரில் ஓடுகிறது, நம் கைக்குப் பிரதி வருவதில்லை, எனவே நிரல் தரவும் வேண்டாம். இந்த இடுக்கை அடைக்கத்தான் 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் நிரல் கிடைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

லினக்ஸ் என்ற இயங்குதளம் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் பிறக்கும்போது அப்படி இல்லை. 1991இல் அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் வெளியிட்டபோது, காசு வாங்கிக்கொண்டு விநியோகிக்கக் கூடாது என்று தானே ஒரு நிபந்தனை எழுதியிருந்தார். பிளாப்பியில் பிரதி போட்டுக் கொடுப்பவர் பிளாப்பிச் செலவைக்கூட வாங்க முடியாது. 1992இல் ஜிபிஎல்லுக்கு மாறினார். அதுதான் தான் செய்த மிகச் சரியான காரியங்களில் ஒன்று என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

நீலக் கறுப்பு ரவுட்டர்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே என்று தோன்றினால், லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி கதையைக் கேளுங்கள். நீல முகம், கறுப்பு உடம்பு, பின்னால் இரண்டு ஆன்டெனா. 2002 டிசம்பரில் கடைக்கு வந்த வீட்டு வைஃபை ரவுட்டர். சக்கைப்போடு போட்டது. 2003இல் லிங்க்சிஸை நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே வருடம், இந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை நோண்டிப் பார்த்த ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் என்றால் ஜிபிஎல். ஜிபிஎல் என்றால் பெட்டியை வாங்கியவருக்கு மூலநிரல் வேண்டும். எங்கே நிரல்? லிங்க்சிஸிடம் சரியான பதில் இல்லை. சிப் செய்தது பிராட்காம், உள்ளே இருந்த மென்பொருளைக் கட்டிக் கொடுத்தது தைவானில் ஒரு நிறுவனம், மேலே ஒட்டியது லிங்க்சிஸ் லேபிள், இப்போது எல்லாவற்றுக்கும் பொறுப்பு சிஸ்கோ. மூன்று கை தாண்டி வந்த சொத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் கிரயம் முடித்துவிட்டார்கள்! இந்த இடத்தில் பெரியப்பா போனிலேயே சிரித்தார்.

சிஸ்கோவுக்கு இரண்டே வழி. லினக்ஸைத் தூக்கிவிட்டு வேறு மென்பொருள் போடுவது, அல்லது நிரலைத் தருவது. தந்தார்கள். அதற்கப்புறம்தான் வேடிக்கை. அந்த நிரலை எடுத்து வைத்துக்கொண்டு பலர் வேலையைத் தொடங்கினார்கள். சிக்னல் பலத்தை மாற்றுவது, வீட்டில் ஒருவர் படம் இறக்கும்போது இன்னொருவர் போன் பேச்சு வெட்டுப்படாமல் பார்ப்பது, இரண்டு ரவுட்டர்களை இணைத்து ஒரு கட்டிடம் முழுக்க வைஃபை தருவது என்று அலுவலகங்களுக்கான விலையுயர்ந்த கருவிகளின் வேலையை இந்த மலிவுப் பெட்டி செய்யத் தொடங்கியது. 2004இல் பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாடல்களில் ஓடுகிறது.

2005இல் நிறுவனம் செலவைக் குறைக்க, லினக்ஸை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் போட்டு, நினைவகத்தையும் பாதியாக்கிப் புதுப் பதிப்பு விட்டது. ஆர்வலர்கள் கூச்சல் போட்டார்கள். உடனே பழைய உள்ளுறுப்புகளோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் வந்தது. நிரல் வெளியே போனதால் நஷ்டம் வரவில்லை, அதற்கென்றே வாங்குகிற கூட்டம் சேர்ந்திருந்தது. ஆனால் அதன்பின் வந்த கருவிகளுக்கு நிரல் தருவதில் மறுபடி சுணக்கம். 2008இல் ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மேல் வழக்குப் போட்டு, 2009இல் சமரசம் ஆயிற்று.

என் வீட்டு மாடியில் ஒரு பழைய ரவுட்டர் இருக்கிறது. வேறு நிறுவனம், பெயர் வேண்டாம். வாங்கி இரண்டு வருடத்தில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டார்கள். பெட்டி நன்றாக இருக்கிறது, உள்ளே இருப்பதுதான் ஓட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றினேன். முதல் தடவை பாதியில் கரண்ட் போய், அது செங்கல்லாகிவிட்டது என்றே நினைத்தேன். ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டதும் பிழைத்துக்கொண்டது. இப்போது ஆறாவது வருடம். செய்தவர் கைகழுவிய பிறகும் பொருள் பிழைக்க ஒரு வழியை விட்டு வைத்திருப்பது உரிமம்தான் என்பது எனக்குப் புத்தியில் ஏறியது அந்த ஊசியோடுதான்.

பாதை இருக்கு, கேட்டுக்குப் பூட்டு

ஜிபிஎல்லுக்கும் தோல்வி உண்டு. அமெரிக்காவில் டிவோ என்று ஒரு கருவி, டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டி. உள்ளே லினக்ஸ். நிரலை ஒழுங்காகத் தந்தார்கள். ஆனால் அதை மாற்றித் திரும்ப ஏற்றினால் பெட்டி ஓடாது. நிறுவனத்தின் மின்கையொப்பம் இருக்கிறதா என்று வன்பொருளே சோதித்து, இல்லையென்றால் மறுத்துவிடும்.

“பாதை இருக்கு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டான்” என்றார் பெரியப்பா. இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டுக் கருவிகளில் சாவியையும் கொடு என்கிறது. டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. மாற்றிய நிரலைத் திருப்பிக் கொடு என்பதுதான் என் எதிர்பார்ப்பு, உன் பெட்டியை நீ எப்படிச் செய்கிறாய் என்பது உன் பாடு என்பது அவர் நிலை. லினக்ஸின் கருநிரல், அதாவது அதன் மையப் பகுதி, இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் லினக்ஸ் கருநிரலில் ஓடும் பல ஆண்ட்ராய்டு போன்களில் கருநிரலின் மூலநிரல் கிடைத்தாலும், போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்ற நிரல் பூட்டியிருந்தால் நம்மால் ஒன்றும் ஏற்ற முடிவதில்லை.

டோர்வால்ட்ஸ் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் பொறியாளர், நிரல் மேம்படுகிறதா என்று பார்க்கிறார். நான் பார்ப்பது, காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டி வைத்த பெட்டி யாருடையது என்று. எனக்கு மூன்றாம் பதிப்புப் பக்கம்தான் சாய்வு. சின்னச் சின்ன நிரல் நூலகம் எழுதினால் நானும் எம்ஐடிதான் போடுகிறேன், நாலு பேர் தயங்காமல் எடுக்கட்டும் என்று. ஒரு வீட்டுக்குள் பத்து வருடம் உட்காரப் போகிற கருவிக்கு என்றால் காப்பிலெஃப்ட்தான் வேண்டும்.

கொடுத்ததைத் திருப்பி வாங்கலாமா?

சமீப வருடங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2018இல் மோங்கோடிபி, 2021இல் எலாஸ்டிக்சர்ச், 2023இல் டெராஃபார்ம், 2024இல் ரெடிஸ் என்று பிரபலமான மென்பொருள்கள் வரிசையாக உரிமத்தை இறுக்கின. பெரிய கிளவுட் நிறுவனங்கள் எங்கள் உழைப்பை எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன, எங்களுக்கு ஒன்றும் வருவதில்லை என்பது அவர்கள் குறை. முழுப் பொய் இல்லை.

ஆனால் ஏற்கெனவே திறமூலமாகக் கொடுத்த பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியாது. புதுப் பதிப்புக்குத்தான் புது நிபந்தனை. எனவே கடைசித் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச், டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கீ. அப்புறம் எலாஸ்டிக்சர்ச்சும் ரெடிஸும் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துத் திறமூலத்துக்குத் திரும்பி வந்தன. லினக்ஸில் இப்படி ஒரு மாற்றம் நடப்பது கஷ்டம். ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியது, ஒவ்வொரு துண்டும் எழுதியவர் பேரில் இருக்கிறது. பங்காளிகள் இத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு சொத்தை விற்ற கதை மன்னார்குடியில் உண்டா?

நீங்களே ஏதாவது எழுதி வெளியிட்டால், உரிமத்தைச் சொந்தமாக எழுதாதீர்கள். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கு டக்ளஸ் கிராக்ஃபோர்ட் வெளியிட்ட நிரலில், எம்ஐடி உரிமத்தோடு ஒரு வரி சேர்த்தார்: இதை நல்லதற்குப் பயன்படுத்த வேண்டும், தீயதற்கு அல்ல. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நல்லது எது, கெட்டது எது என்று நீதிமன்றத்தில் யார் முடிவு செய்வது? டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் அந்த ஒரு வரிக்காக அதைக் கட்டற்ற மென்பொருளாக ஏற்க மறுத்தன.

எதிர்ப்பக்கம் எஸ்கியூலைட் இருக்கிறது. உங்கள் போனில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள மென்பொருள் அது. அதற்கு உரிமமே கிடையாது, பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டார்கள். உரிமம் இருக்க வேண்டிய இடத்தில், நல்லதைச் செய், மன்னிக்கக் கற்றுக்கொள், கொடுப்பதைவிட அதிகம் எடுக்காதே என்று ஒரு வாழ்த்து மட்டும். ‘காகிதம் ஒன்று இல்லாமல் எப்படி?’ என்று தவிக்கும் கம்பெனி வக்கீல்களுக்காக அவர்கள் காசுக்கு ஒரு பத்திரமும் விற்கிறார்கள். பெரியப்பாவுக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். “தொழில் தெரிஞ்சவன்” என்றார்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் வகை. பெயர் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் விட வேண்டும். ‘நெட்டில் கிடைத்தது’ என்று போட்டுவிட்டுப் போவது பெயர் சொன்னதாகாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் உண்டு. அச்சுக்கு, விளம்பரத்துக்கு, எதற்கும் காசில்லாமல் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, டிவிக்கு வருவோம். பெரியப்பா தாளில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டார். ‘ஐயா, தங்கள் ஷரத்துப்படி’ என்று ஆரம்பித்து, டிவியின் சீரியல் நம்பர், பில் தேதி எல்லாம் எழுதி, என் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். ஒப்புகைச் சீட்டு ஒரு வாரத்தில் வந்தது. இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு தரவிறக்கச் சுட்டி. உள்ளே லினக்ஸ் கருநிரல், பிஸிபாக்ஸ் என்ற சின்னக் கருவிகளின் தொகுப்பு, இன்னும் சில. டிவியின் மெனு, ஆப்கள் எதுவும் இல்லை. அது நியாயம்தான், அவை நிறுவனத்தின் சொந்த நிரல்கள், தனியாக நிற்பவை. பாதை அந்த மனை வழியாகப் போகவில்லை. ஆனால் கருநிரலை இயந்திரத்துக்கு ஏற்றபடி தொகுத்து எடுக்க வேண்டிய கட்டளைக் கோப்புகளையும் காணோம். அவற்றையும் தர வேண்டும் என்று ஜிபிஎல் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். டிவி பில், உத்தரவாத அட்டை, அந்த மெல்லிய தாள், ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பைக்குள் வைத்திருக்கிறார். தாளை எடுத்துக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

“பத்திரம் வந்துச்சு, புல வரைபடம் வரலைங்கிற.”

“ஆமா பெரியப்பா.”

விரல் விட்டு எண்ணினார். “கெடு முடிய இன்னும் பதினோரு மாசம் கிடக்குடா. அலமாரியில வெள்ளைத் தாள் இருக்கும், எடுத்துட்டு வா.”